வுபாட்கியை விட்டுப் போனவர்கள்

அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு வடக்கே, செம்மணற்கல்லை அடுக்கிக் கட்டிய ஏறத்தாழ 100 அறைகளோடு நிற்கிறது வுபாட்கி. பாலைவெளியில் கூரையிழந்து நிற்கும் அந்தச் சுவர்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர் கேட்பது, இங்கே வாழ்ந்தவர்கள் எங்கே மறைந்துபோனார்கள் என்பதைத்தான். அமெரிக்கத் தென்மேற்கிலுள்ள பண்டைய புவெப்லோ மக்களின் ஊர்கள் எல்லாவற்றின் மீதும் இந்த மர்மக்கதை படிந்துகிடக்கிறது. அந்தக் கேள்வியே பிழை என்பேன். அவர்கள் மறையவில்லை, குடிபெயர்ந்தார்கள். ஊரை விட்டுவந்து அமெரிக்காவில் வேர்பிடித்த தமிழர்களான நமக்காவது இது புரிய வேண்டும்.

வுபாட்கி செழித்ததே குடிபெயர்வால்தான். 1085-ஐ ஒட்டி, அருகிலுள்ள சன்செட் கிரேட்டர் எரிமலை வெடித்து, அதன் அடிவாரத்து வயல்களை மூடியது. சற்றுத் தள்ளி, சாம்பல் மெல்லியதாகப் படிந்த இடங்களில் அது மண்ணின் ஈரத்தைக் காத்து மக்காச்சோளத்துக்கு உதவியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 12-ஆம் நூற்றாண்டில் பல மரபினர் இங்கே கூடினார்கள். தெற்கே ஹோஹோகாம் மக்களின் ஊர்களில் இருந்ததைப் போன்ற பந்தாட்டத் திடல் இங்கும் இருக்கிறது. வெப்பமண்டலக் காடுகளுக்குரிய பஞ்சவர்ணக்கிளிகளின் எலும்புகளும் பசிபிக் கரைச் சிப்பிகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊர் காலியானது. போனவர்களின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று கிழக்கே மேசைக்குன்றுகளில் வாழும் ஹோப்பி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். எந்தக் குலம் எந்த ஊர் வழியாக வந்தது என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாற்றில் இருக்கிறது. பாறைச் சித்திரங்களையும் உடைந்த பானை ஓடுகளையும் முன்னோர் விட்டுப்போன காலடிகளாகவே அவர்கள் பார்க்கிறார்கள்.

பஞ்சமும் கொலையும் துரத்தியதை வெறும் குடிபெயர்வு என்று மென்மையாக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பண்டைய புவெப்லோ மக்கள் வாழ்ந்த இன்னொரு இடமான மேசா வெர்டே பகுதியில் 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி நீடித்ததை மரவளையங்கள் காட்டுகின்றன. அங்கே சில ஊர்களில் படுகொலை நடந்த தடயங்களும் உண்டு. ஆனால் துரத்தப்பட்டவர்களும் வாழ்ந்து தொடர்கிறார்கள். போரால் ஊரை இழந்த ஈழத்தமிழர்களை மறைந்துபோன மக்கள் என்று எவராவது எழுதினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? 700 ஆண்டுகளுக்கு முந்தைய உறவை வாய்மொழிக் கதை நிரூபிக்காது என்பது இன்னொரு மறுப்பு. வாய்மொழி தனித்து நிற்கவில்லை. கீவா என்னும் சடங்கறையும் பானை வனையும் மரபும் அதற்குத் துணை நிற்கின்றன. பூர்வகுடிகளின் எலும்புகளைத் திருப்பித் தருவதற்கான 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் வாய்மொழி மரபைச் சான்றுகளில் ஒன்றாக ஏற்கிறது. 1891-இல் மேசா வெர்டேயில் தோண்டியெடுக்கப்பட்டுப் பின்னர் ஃபின்லாந்து போய்ச்சேர்ந்த எலும்புகள் 2020-இல் திரும்பி வந்தன. ஹோப்பி, சூனி, ஆகோமா, சீயா மக்கள் அவற்றைப் பெற்று மீண்டும் மண்ணில் அடக்கினார்கள்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. பூர்வகுடிகளின் நிலத்தில் வந்து குடியேறிய நாம், நம் கதையை அவர்கள் மேல் ஏற்றலாமா? முழுவதும் ஏற்றக் கூடாது. நம்மில் பலர் விசாவோடு வந்து, பின்னர் குடியுரிமை பெற்று, முதல் தேர்தலிலேயே வாக்களித்துவிடுகிறோம். வுபாட்கியின் சுவர்களைத் தேசிய நினைவிடமாக அரசு அறிவித்தது 1924 டிசம்பரில். பூர்வகுடிகள் அனைவரையும் குடிமக்களாக ஏற்ற சட்டம் அதே ஆண்டு ஜூனில்தான் வந்தது. அப்படியும் அரிசோனாவில் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்ந்தவர்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1948 வரை நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. முன்னோரின் கல்லுக்குக் கிடைத்த காவல், பேரப்பிள்ளைகளின் உரிமைக்குக் கிடைக்கவில்லை. மக்கள் மறைந்துவிட்டார்கள் என்று சொல்லும் கதை இந்த அநீதியைக் கண்ணில் படாமல் வைக்கிறது. அதனால்தான் அதை ஒரு சுற்றுலாக் கற்பனை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

இடிபாடுகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்த பிறகு கிழக்கே செகண்ட் மேசாவிலுள்ள ஹோப்பி பண்பாட்டு மையத்துக்கும் போக வேண்டும். ஹோப்பி ஊர்களில் படம் எடுக்கக் கூடாது. சடங்கு நாட்களில் சில ஊர்களுக்குள் வெளியாருக்கு அனுமதியில்லை. அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, விதிகளை அவர்கள் வகுக்கிறார்கள்.