நூற்றைக் கூட்டும் வரி

கையளவு போர்டு ஒன்றில் லினக்ஸ் ஓட வேண்டும். மின்சாரம் போனாலும் நேரம் தவறக் கூடாது. அதற்காக டிஎஸ்1307 கடிகாரச் சிப்பையும் ஒரு பட்டன் பேட்டரியையும் வைத்திருந்தோம். கெர்னலில் அதன் டிரைவரைப் படிக்கையில் ஒரு வரியில் தடுக்கி நின்றேன். சிப் தரும் ஆண்டோடு 100-ஐக் கூட்டுகிறது அந்த வரி. 2000-ஐக் கூட்டினால் புரியும். அதென்ன 100?

பாதி விடை சி மொழியில் இருந்தது. அங்கே ஆண்டு என்பது 1900-க்குப் பிறகு கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை. 2024 என்றால் 124. பழைய யுனிக்ஸ் வழக்கம் இது. 1989-ல் சி தரப்படுத்தப்பட்டபோதும் மாறவில்லை. சிப்போ வெறும் 24 என்கிறது.

ஏன் இரண்டே இலக்கம்? சிப்பில் ஆண்டுக்கு ஒரு பைட் இடம் உண்டு. 255 வரை எண்ணலாம். ஆனால் அது பிசிடி முறையில், நான்கு பிட்டுக்கு ஒரு தசம இலக்கமாக எழுதிவைக்கிறது. இலக்கங்களை எடுத்து நேரே டிஸ்ப்ளேயில் காட்ட வசதிதான். 99-க்கு மேல் போக வழியில்லை.

இன்னும் பின்னே போனேன். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி, மோட்டோரோலாவின் எம்சி146818 சிப்பை வைத்திருந்தது. அதிலும் ஆண்டு இரண்டு இலக்கம்தான். மொத்தம் 64 பைட். 14 கடிகாரத்துக்கு, மீதி 50 சும்மா கிடந்த நினைவகம். அந்த ஐம்பதில் ஒன்றில் நூற்றாண்டைக் குறித்துவைத்தது ஐபிஎம். சிப்புக்கு அந்த விஷயமே தெரியாது. 99 முடிந்து 00 பிறந்தாலும் நூற்றாண்டு பைட் அசையாது. மென்பொருள்தான் மாற்ற வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சுவரில் ஆணி அடித்த மாதிரி.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-ல், பிசியின் அந்தக் கடிகாரத்தைப் படிக்கும் பகுதி சில வரிகளே. நொடியில் தொடங்கி ஆண்டு வரை படித்துவிட்டு, நொடியை மறுபடி பார்க்கிறது; மாறியிருந்தால் முதலிலிருந்து படிக்கிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே நிமிடம் புரண்டு, பாதி பழசும் பாதி புதுசுமாகக் கையில் வராமலிருக்க. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் நான் தேடி வந்தது ஆண்டு. அதில் கூட்டல் எதுவுமே இல்லை! சிப் 91 என்கிறது. சி கேட்பதும் 91. இரண்டு தனித்தனி வழக்கங்கள் தற்செயலாக ஒத்துப்போயிருந்தன. 2000 பிறந்ததும் அந்த ஒற்றுமை முறிந்தது. முறிந்த இடத்தில் வைத்த ஒட்டுதான் என் 100.

மோசமான ஒட்டு என்று சொல்ல மாட்டேன். டிஎஸ்1307-இன் லீப் ஆண்டுக் கணக்கே 2100 வரைதான் செல்லும் என்கிறது டேட்டாஷீட். சிப் அதற்கு மேல் கணக்கு வைக்காதபோது டிரைவர் மட்டும் எதற்கு வைக்க வேண்டும்? பிறகு வந்த டிஎஸ்3231-இல் நூற்றாண்டுக்கென ஒரு பிட் இருக்கிறது, அதுவும் மாதத்தின் பைட்டுக்குள். 99 தாண்டினால் அது புரளும். எந்த நூற்றாண்டு என்று கேட்டால் அதற்கும் தெரியாது.