கடைசிப் பத்து மீட்டர்

இணையம் என்றதும் கோபுரங்களும் கடலடிக் கம்பிவடங்களும் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் வந்த செய்தியைக் கடைசிப் பத்து மீட்டர் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர்தான்.

நம் கரையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை இணையதளத்தின் அலை உயரக் கணிப்பு வில்லியனூர் மையத்தில் இறங்கி, வீராம்பட்டினத்துக்குப் போய், ஒலிபெருக்கி வழியே மீனவர் காதில் விழுந்தது. இன்று அந்தக் கணிப்பை ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனமே தருகிறது. அதன் அருமை, 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்த மாமல்லபுரத்துக்குத் தெரியும்.

அங்கே படகு இன்ஜின் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரின் கடையில், வாசலை ஒட்டி மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வாசலில் வைத்த கைப்பேசியிலிருந்து யூஎஸ்பி வடம் வழியாக, லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினிக்கு இணையம் வந்துவிடும். உள்ளே வேலை செய்பவர்களுக்கு அதைப் பகிர வேண்டும். அந்தக் கணினியில் வைஃபை பழுது. ஒரு புளூடூத் டாங்கிள் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து என்னுடன் வந்திருந்த கல்லூரி மாணவன் ஒருவனை டெர்மினல் முன் உட்காரவைத்தேன்.

2001இல் குவால்காம் திறமூலமாக வெளியிட்ட புளூஸீ என்ற மென்பொருள்தான் லினக்ஸில் புளூடூத்தைக் கையாள்கிறது. அதனிடம் முதலில், பிற கருவிகளின் கண்ணில் படும்படி இரு, இணைய வருபவரை ஏற்றுக்கொள் என்று சொல்ல வேண்டும். இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் தெரிகிறதா என்று பார்த்து ஒப்புக்கொண்டால் ஜோடி சேரும். அடுத்து பான்0 என்ற பெயரில் ஒரு பிரிட்ஜ், அதாவது இணைப்புகளை ஒன்றுசேர்க்கும் பாலம், அமைத்து அதற்கு ஐபி முகவரி தர வேண்டும். உள்ளே வரும் கைப்பேசிகளுக்கு முகவரி வழங்கும் வேலை டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளுடையது. பிறகு அந்த பிரிட்ஜை நாப், அதாவது வலையமைப்பு நுழைவிடம், என்று புளூஸீயில் பதிய வேண்டும். கைப்பேசி இணைந்த கணத்தில் பிஎன்இபி0 என்ற புதிய இடைமுகம் முளைத்து பிரிட்ஜில் தானே சேர்ந்துகொள்ளும்.

இத்தனையும் செய்தபின், “அண்ணே, கனெக்ட் ஆயிடுச்சுன்னு காட்டுது, ஆனா எந்தப் பக்கமும் வரல” என்றான். அதற்காகத்தான் ஒரு படியை நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு வாசலில் வரும் தரவுப் பொட்டலத்தை மறு வாசலுக்கு அனுப்பலாமா என்பதை லினக்ஸ் கர்னலில் ஒற்றை எண் தீர்மானிக்கிறது. இயல்பில் அது 0. கணினி வரை பிங் என்ற சோதனைச் செய்தி போகிறது, அதற்கு அப்பால் போகவில்லை என்று அவனே சோதித்தான். 0ஐ 1 ஆக்கி, உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் விதியையும் எழுதியதும், கடைக்குள் இருந்த கைப்பேசியில் அலை உயர வரைபடம் திறந்தது. ஜோடி சேர்வது வேறு, வழிவிடுவது வேறு என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. ஹாட்ஸ்பாட் பொத்தானை ஆயிரம் முறை அழுத்தினாலும் இது விளங்காது; இத்தனை முடிவுகளையும் அந்தப் பொத்தான் நமக்காக எடுத்து, நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

இந்த வலையமைப்பு சிறியதுதான். சுமார் பத்து மீட்டர், ஒரே நேரத்தில் ஏழு கருவிகள், ஏட்டளவில் நொடிக்கு 3 மெகாபிட் வேகம். படம் பார்க்கப் போதாது; வானிலைச் செய்திக்கும் மீன் விலைக்கும் தாராளம். வைஃபையைவிட மின்சாரமும் குறைவாகவே செலவாகும். புயலுக்குப் பின் மின்சாரம் வராத நாட்களில் அது சின்ன விஷயம் அல்ல.

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி வழியே செய்தி ஊருக்குக் கிடைத்தது. செய்தி வரும் வழியையும் ஊர்ப் பிள்ளைகள் கற்பது அதன் அடுத்த படி. நம் பள்ளிக் கணினி அறைகளில் ஒரு மதியம் இதற்காக ஒதுக்கலாம். பழைய கணினியும் டாங்கிளும் போதும், மென்பொருள் இலவசம். வலையமைப்பைத் தன் கையால் ஒருமுறை கட்டிய பிள்ளை, இணைப்பு அறுந்த நாளில் யாரோ வந்து சரிசெய்யட்டும் என்று காத்திருக்காது. எந்தப் படியில் அறுந்தது என்று தானே தேடத் தொடங்கும்.