பெட்டியை இறக்குவதற்குள் மார்க்

அமெரிக்காவில் ஒரு கோஷ்டிக்குக் கோடைக்காலம் வந்தால் ஒரு வியாதி வரும். கல்லூரி ஐஸ் ஹாக்கி சீசன் ஆரம்பிப்பது அக்டோபரில். அதற்கு முன்பே, எந்தக் காலேஜில் எந்தப் பையன் முதல் வருஷம் சேருகிறான், யார் நம்பர் ஒன், எந்தக் காலேஜ் நல்ல சரக்காகப் பிடித்திருக்கிறது என்று லிஸ்ட் போட்டுவிடுவார்கள். பையன் ஹாஸ்டலில் பெட்டியைக்கூட இறக்கியிருக்க மாட்டான்.

ஐஸை ஃப்ரிஜ்ஜில் மட்டுமே பார்த்திருக்கும் எனக்கு இந்த லிஸ்ட்டுகளைப் படிப்பதில் அலாதி பிரியம். பி.காம். புத்தி. கணக்கில் 'குட்வில்' என்று ஒரு அயிட்டம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாது, தொகை மட்டும் கொழுகொழுவென்று இருக்கும். இது அந்த ஜாதி.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்? ஜூனியர் லீகில் போட்ட கோல், உயரம், வேகம். எல்லாவற்றுக்கும் மேலே 'டிராஃப்ட்'. என்.ஹெச்.எல். அணிகள் வருஷம் ஒருமுறை கூடி, முறை வைத்துப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் சடங்கு. முதல் ரவுண்டில் எடுக்கப்பட்டவன் காலேஜுக்கு வந்தால் ராஜமரியாதை.

இதில் வயசு என்று ஒரு வில்லங்கம். முதல் வருஷம் என்றால் பதினெட்டு என்றுதானே நினைப்போம்? ஹாக்கியில் பலர் பள்ளி முடித்து ஜூனியர் லீகில் ஓரிரு வருஷம் ஆடிவிட்டு, இருபது, இருபத்தொன்றில் தாடியோடு வருகிறார்கள். பாஸ்டன் யூனிவர்சிட்டியின் மேக்லின் செலப்ரினி வந்தது பதினேழில். 2024-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹோபி பேக்கர் விருதை வாங்கிக்கொண்டு போனான். தாடியும் மீசை முளைக்காததும் லிஸ்ட்டில் பக்கத்துப் பக்கத்துல! 2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் மேஜர் ஜூனியர் பையன்களுக்கும் கதவு திறந்தாச்சு. லிஸ்ட் போடுகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

லிஸ்ட் சுத்தப் பேத்தல் என்று சொல்ல மாட்டேன். 2023-ல் பாஸ்டன் காலேஜில் வில் ஸ்மித், ரையன் லெனர்ட், கேப் பெரோ என்று மூன்று பையன்கள் சேர்ந்தார்கள். மூவரும் முதல் ரவுண்டு. லிஸ்ட் சொன்ன மாதிரியே வெளுத்து வாங்கினார்கள். கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து ஸ்மித் மட்டும் 71 பாயின்ட், நாட்டிலேயே முதலிடம்.

2024 ஏப்ரலில் ஃபைனல். எதிரே டென்வர். அவர்கள் கோல்கீப்பர் மாட் டேவிஸை எந்த என்.ஹெச்.எல். அணியும் டிராஃப்ட்டில் எடுத்ததில்லை. அன்றைக்கு அந்த மனுஷன் 35 ஷாட்டையும் தடுத்தார். 2-0. மூன்று முதல் ரவுண்டுகளுக்கும் சேர்த்து ஒரு கோல் கிடையாது.

மார்ட்டின் செயின்ட் லூயி கதை இன்னும் ரசமானது. 1993-ல் வெர்மான்ட் யூனிவர்சிட்டியில் சேர்ந்தவர். ஐந்தடி எட்டங்குலம். குள்ளம் என்று ஒருத்தரும் டிராஃப்ட்டில் தொடவில்லை. 2004-ல் என்.ஹெச்.எல்.லில் அதிக பாயின்ட், மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஸ்டான்லி கோப்பை, மூன்றும் அவருக்கு.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு காலத்தில் பதினாலு வயசுப் பையன்களே 'இந்தக் காலேஜுக்குத்தான் வருவேன்' என்று வாய்வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோச்சுகள் இவ்வளவு சீக்கிரம் போய்ப் பேசக்கூடாது என்று 2019-ல் விதியை இறுக்கினார்கள். கோச்சைத் தடுத்தார்கள், சரி. லிஸ்ட்டை யார் தடுப்பது? அதை அந்தப் பையனும் படிக்கிறான். அவன் அப்பா இரண்டு தடவை படிக்கிறார்.

நான் அடுத்த லிஸ்ட்டைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பதாக இருக்கிறேன். 'மற்றும்' என்று போட்டுப் பொடி எழுத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதில் கோல்கீப்பர் யாராவது இருந்தால் பெயரைக் குறித்துவைத்துக்கொள்வேன்.