ஒரு ஓமுக்கும் கீழே

பள்ளியில் ஓம் விதி படிக்காதவர் இருக்க முடியாது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. பரீட்சைக் கணக்கில் அந்தத் தடை 5 ஓம், 10 ஓம் என்று வசதியாக வந்து நிற்கும். ஆனால் வீட்டைக் கொளுத்தும் தடைகள் அவ்வளவு பெரியவை அல்ல. ஓமில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று சுவருக்குள் பதுங்கிக் கிடப்பவை அவை.

ஒரு சின்னக் கணக்கு. 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதன் பிளக் பாயிண்டில் ஒரு திருகு தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 13-ஐ 13-ஆல் பெருக்கி, அதை 0.1-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 17 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவிட்சுப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போவதற்குச் சமம். தினமும் இது நடந்தால் முதலில் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு இளகும், அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த 0.1 ஓமைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதாதா? போதாது. கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரில் 200 ஓம் அளவுதான் மிகச் சிறியது. அதில் கடைசி இலக்கமே 0.1 ஓம். போதாக்குறைக்கு, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 என்று காட்டும். அது மீட்டரின் சொந்த வயருடைய தடை. லாரி எடை மேடையில் குண்டுமணித் தங்கத்தை நிறுக்க முடியுமா?

இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர் ஒரு சிறு நகரத்து எலக்ட்ரீஷியன். இருபது வருடத் தொழில் அனுபவம். அவர் வயரிங் செய்த புது வீட்டில் கீசரின் பிளக் பாயிண்ட் ஆறே மாதத்தில் கருகிவிட்டது. வீட்டுக்காரர் பாக்கிக் கூலியை நிறுத்தி வைத்தார். "வயர் மட்டமா இருக்கும் சார். 4 ஸ்கொயர்னு எழுதியிருக்கும், உள்ளே செம்பு இருக்காது" என்று இவர் சொல்லிப் பார்த்தார். "அதை நிரூபிச்சுக் காட்டுங்க" என்று பதில் வந்தது. நிரூபிக்க அவரிடம் கருவி இல்லை. தொழிற்சாலைகளில் பயன்படும் மில்லி ஓம் மீட்டரின் விலை அவர் எட்டும் தூரத்திலும் இல்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள்தான், "அப்பா, இதை நாமே செய்யலாம்ப்பா" என்றாள்.

அவள் சொன்ன வழி புதியதல்ல. அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் வயது. வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி வேலையில் ஈடுபட்டிருந்தபோது, சந்தையில் விற்கும் செம்பெல்லாம் ஒரே தரம் இல்லை, மின்சாரத்தைக் கடத்துவதில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று 1857-இல் எடுத்துக்காட்டினார். 1858-இல் கடலில் இறக்கிய கம்பி சில வாரங்களிலேயே செத்துப் போனது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் செம்பைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும் என்பது அதன் பிறகு வழக்கமாயிற்று. மிகச் சிறிய தடையை அளக்க, இன்றும் கெல்வின் பெயரில் வழங்கும் சமனச் சுற்றை அவர் 1860-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். ஆக, "இந்த வயரில் நல்ல செம்பு இருக்கிறதா?" என்ற எலக்ட்ரீஷியனின் கேள்வி, கெல்வின் கேட்ட அதே கேள்விதான்.

இதில் உள்ள சூட்சுமம் நான்கு வயர்கள். சாதாரண மீட்டர் ஒரே ஜோடி வயரில் மின்னோட்டத்தையும் அனுப்பி, மின்னழுத்தத்தையும் பார்க்கிறது. அதனால் அந்த வயரின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு வேலையையும் பிரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஒரு ஜோடி மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். இன்னொரு ஜோடி மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் வோல்ட் பகுதிக்குள் பெரும்பாலும் 10 மெகா ஓம் தடை இருப்பதால், பார்க்கும் ஜோடியில் ஓடும் மின்னோட்டம் சில நானோ ஆம்பியர்தான். எனவே அந்த வயர் நீளமா குட்டையா என்பது ஒரு பொருட்டே இல்லை.

செய்முறையும் எளிது. எல்எம்317 என்று ஒரு ஐசி உண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைப்பது. அது தன் இரண்டு கால்களுக்கு நடுவே எப்போதும் 1.25 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடத்தில் 12.5 ஓம் தடையைப் போட்டால், 1.25-ஐ 12.5-ஆல் வகுத்து 0.1 ஆம்பியர், அதாவது 100 மில்லி ஆம்பியர், மாறாமல் ஓடும். 12.5 ஓம் கடையில் கிடைக்காது. 10 ஓமையும் 5 ஓம் திருகு தடையையும் தொடராக வைத்து, மல்டிமீட்டரில் பார்த்தபடியே சரியாக 100-க்குத் திருகி வைத்துவிட வேண்டியதுதான். மின்சாரம் கொடுக்கப் பழைய 5 வோல்ட் செல்போன் சார்ஜர். வெளிமுனைகளுக்குக் குறுக்கே, மின்னோட்டம் போகும் திசையிலேயே, 1என்4007 டையோடு ஒன்று. முனை கழன்று போனாலும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரு பழைய டிபன் டப்பாவுக்குள் அடக்கிவிட்டார்கள்.

இனி மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் அளவில் வைத்தால், காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் 10 மில்லி ஓம். கடைசி இலக்கம் 1 மில்லி ஓம். ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சமையலறை மேசையில் வைத்து அளந்துவிடலாம்!

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மின்னோட்டக் கிளிப்புகள் வெளிப்பக்கம், பார்க்கும் கிளிப்புகள் உள்பக்கம். சோம்பல்பட்டு ஒரு கிளிப்பின் மேலேயே இன்னொன்றைக் கடிக்க விட்டால், அந்தக் கிளிப்பின் தொடுதடையும் சேர்ந்து வந்துவிடும். நான்கு வயர் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சதவீதத் துல்லியமுள்ள 1 ஓம் தடைகள் பத்தை இணையாகச் சேர்த்தார்கள். வர வேண்டியது 100 மில்லி ஓம், அதாவது 10.0 மில்லி வோல்ட். மீட்டர் 10.1 காட்டியது. இந்த வேலைக்கு அது போதும்.

பிறகு வீட்டில் பிரிக்காமல் கிடந்த அதே கம்பெனியின் 4 சதுர மி.மீ. வயர்ச் சுருளை எடுத்தார்கள். சுருளை வெட்டவே வேண்டாம், இரண்டு நுனியும் கைக்கு வந்தால் போதும். இத்தகைய வளையும் செம்பு வயரின் தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 4.95 ஓமுக்கு மேல் போகக்கூடாது என்பது தர விதி. 90 மீட்டர் சுருளுக்கு 445 மில்லி ஓம். மீட்டரில் அதிகபட்சம் 44.5 வர வேண்டும். வந்தது 46.7.

"பாத்தியா, நான்தான் சொன்னேனே!" என்று அப்பா எழுந்துவிட்டார்.

மகள் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். 34 டிகிரி. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 14 டிகிரிக்கு ஐந்தரை சதவீதம். அதைக் கழித்தால் 44.3. வயர் சரியாகத்தான் இருந்தது. வெயிலை மறந்திருந்தால் நேர்மையான ஒரு வியாபாரி மீது திருட்டுப் பட்டம் விழுந்திருக்கும்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. வணிகவியல் படிப்பவர்களுக்கு ஈடுசெய் பிழை தெரிந்திருக்கும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துவிட, இருப்பாய்வு மட்டும் அழகாகச் சமமாகிவிடும். வயரிலும் அப்படித்தான். செம்பு மெலிந்து, நீளமும் அதே அளவுக்குக் குறைந்திருந்தால் மொத்தத் தடை சரியாகவே காட்டும். அதனால் நீளத்தையும் அளந்தாக வேண்டும். மகள் டேப்பைப் பிடிக்க, அப்பா திண்ணையில் சுருளைப் பிரித்து அதையும் முடித்தார்கள். நீளமும் குறையவில்லை.

மறுநாள் கருகிய வீட்டுக்கே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பெட்டியைத் திறந்தார்கள். (மெயின் அணைக்காத லைனில் இந்தக் கருவியை வைக்கவே கூடாது.) உள்ளே இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று. நல்ல இணைப்பு என்றால் 1 மில்லி ஓமுக்கும் கீழேதான் இருக்கும், மீட்டர் 0.0 அல்லது 0.1 காட்டும். இது 6.0 காட்டியது. 60 மில்லி ஓம். 13 ஆம்பியரில் பத்து வாட் சூடு. முறுக்கியது அவருடைய கைதான்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இணைப்பை அவிழ்த்து, செம்பு பளபளக்கும் வரை சுரண்டி, காப்பர் ஸ்லீவ் போட்டு கிரிம்ப் செய்தார். இப்போது மீட்டரில் 0.1. கருகிய சாக்கெட்டுக்கான காசைத் தானே கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொன்னார். அதோடு விடாமல் அந்த வீட்டில் இருந்த மற்ற பவர் பாயிண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அளந்தார். ஒன்று 2 மில்லி ஓம், ஒன்று 15. பதினைந்தையும் பிரித்துக் கட்டினார். பாக்கிக் கூலி அந்த வாரமே வந்துவிட்டது. இப்போதெல்லாம் வேலை முடித்து மூடி மாட்டுவதற்கு முன் டிபன் டப்பா வெளியே வருகிறது.

இந்தக் கருவிக்கு அரசு முத்திரை கிடையாது. இது காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு யார் மீதும் வழக்குப் போட முடியாது. 1 மில்லி ஓமுக்கும் கீழே நம்பகமாக அளக்க இன்னும் அதிக மின்னோட்டம் வேண்டும். உலோகங்கள் சேரும் இடத்தில் சூட்டால் பிறக்கும் மைக்ரோ வோல்ட்டுகளை ஒழிக்க, மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு இருமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஆனால் சுவருக்குள் கருகிக்கொண்டிருக்கும் இணைப்பைக் கண்டுபிடிக்க அவ்வளவு நுட்பம் தேவையில்லை. ஒரு ஐசி, ஒரு பழைய சார்ஜர், நான்கு வயர், ஒரு மல்டிமீட்டர். மீட்டர் ஏற்கெனவே கையில் இருந்தால், மற்றதெல்லாம் சேர்த்து ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும்.