கீறல்

பாரிஸின் பெல்வில் மேட்டில் ஆறு பேராக ஒரே அறையில் கிடந்தவர்களுக்கு அந்த விடியற்காலைகள் மறந்திருக்காது. எண்பதுகளின் நடுப்பகுதி. இரவெல்லாம் கோப்பை கழுவிவிட்டு முதல் மெத்ரோவில் வந்து இறங்கினால், பாண் வேகும் வாசம் முதலில் வரும். பிறகு நனைந்த சுவரின் சாந்து மணம். எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு முகம் இருந்தது. காரை பெயர்ந்து விழுந்த இரண்டு குழிகள்தான் கண்கள். கீழே எந்தப் பொடியனோ ஆணியால் ஒரு வாயைக் கீறி விட்டிருந்தான். மழை பெய்தால் கண் இரண்டும் கலங்கி நிற்கும். படியேறுமுன் அதன் நாடியை ஒருமுறை தடவிவிட்டுப் போவேன். மணியடித்துக்கொண்டு வரும் கத்தி தீட்டுகிற கிழவர் சைக்கிளைச் சாத்துவதும் அதற்குப் பக்கத்தில்தான்.

அந்த நகரத்தின் சாந்து, உள்ளூர் ஜிப்சத்தைச் சுட்டு அரைத்தது. நகம் பட்டாலே இறங்கும். கவராயத்தால் பள்ளிக்கூட மேசையில் பெயர் வெட்டிய நமக்கு அதில் கீறும் ஆசை புரியும்.

புகைப்படக் கலைஞர் பிரஸ்ஸாயின் படங்களைப் பின்னாளில் பழைய புத்தகக் கடையொன்றில் நின்றபடியே பார்த்தேன். சுவரில் குடைந்த முகங்கள், இதயங்கள், மண்டையோடுகள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் இருட்டு தேங்கி நிற்கிறது. அவரும் வந்தேறிதான். 1899இல் பிரஸ்ஸோவில் பிறந்து, 1924இல் பாரிஸுக்கு வந்து, ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட மனிதர். ஊரைப் பெயரோடு சுமக்கிற பழக்கம் நமக்கும் புதிதில்லையே. குகைச் சுவரையும் தொழிற்சாலைச் சுவரையும் 1933லேயே பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1956இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. சுவர்களின் விலாசங்களைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்து, வருடங்கள் கழித்தும் திரும்பிப் போய், ஆழமான கீறலையும் அழிந்த கீறலையும் படமெடுப்பாராம். நம்மூரில் படம் வரைவதையும் கீறுவது என்றுதானே சொல்கிறோம். அந்தச் சொல்லின் முழு அர்த்தமும் அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

போன மாரியில் கமராவோடு அந்த முடக்குக்குப் போனேன். கண்ணாடி முகப்போடு ஒரு கட்டடம். கத்தி தீட்டும் மணியில்லை, சாந்து மணமும் இல்லை. பழக்கதோஷத்தில் நாடி இருந்த உயரத்துக்குக் கை போனது. விரலில் பட்டவை கதவின் இலக்கப் பொத்தான்கள். இலக்கம் எனக்குத் தெரியாது.