எஞ்சினின் நாடி

மனிதருக்கு நாடி பார்ப்பதுபோல் எஞ்சினுக்கும் நாடி பார்க்கலாம் என்பதை நான் வகுப்பறையில் கற்கவில்லை. குமரி மாவட்டக் கடற்கரையில், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தையிடம் கற்றேன்.

எங்கள் வள்ளத்தின் எஞ்சின் ஒருநாள் நடுக்கடலில் இறுகி நின்றுவிட்டது. அப்பாவும் சித்தப்பாவும் இரவெல்லாம் துடுப்புப் போட்டு விடியற்காலையில் கரை சேர்ந்தார்கள். புதிது வாங்க வசதியில்லை. பக்கத்து ஊரில் பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணத்துடன் புறப்பட்டோம். மெக்கானிக் மாமாவும் உடன் வந்தார்.

பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. புதுப் பெயிண்ட் பளபளத்தது. தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உரிமையாளர் கயிற்றை ஒரே முறைதான் இழுத்தார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. குளிர்விக்கும் தண்ணீரும் பக்கத் துளை வழியே நன்றாகப் பீறிட்டது.

"வாங்கிரலாம் அப்பா" என்றேன்.

"மக்கா, நாம வந்து தொட்டப்பவே சூடா இருந்துது. சூட்டில எந்தக் கிழட்டு எஞ்சினும் ஓடும். ஆறட்டும்" என்றார் அப்பா.

தென்னை நிழலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஆறிய பின் இழுத்தபோது ஆறாவது இழுப்பில்தான் உயிர் வந்தது!

பிறகு மாமா சோதனையைத் தொடங்கினார். அடிப்பகுதித் திருகைத் தளர்த்திக் கியர் ஆயிலைப் பார்த்தார். தண்ணீர் புகுந்திருந்தால் ஆயில் பால்போல் வெளுத்திருக்கும், இது வெளுக்கவில்லை. பிளக்கில் பொறியும் நன்றாக வந்தது. என் நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. கடைசியாக, பிளக் இரண்டையும் கழற்றி, ஒரு துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுத்தார். மேல் சிலிண்டர் 110 காட்டியது. கீழ்ச் சிலிண்டர் 75-ஐத் தாண்டவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருப்பதே நல்லது. பிஸ்டன் வளையமோ சிலிண்டர் சுவரோ தேய்ந்தால் அழுத்தம் இப்படித்தான் கசியும்.

"பழைய எஞ்சின் பின்னே எப்படி இருக்கும்?" என்று உரிமையாளர் முகம் சுளித்தார்.

"பழசுங்கியது குத்தமில்ல அண்ணே. தேஞ்சாலும் ரெண்டும் ஒண்ணுபோலத் தேஞ்சிருக்கணும்" என்றார் அப்பா.

வெறுங்கையுடன் திரும்பினோம். எனக்கு அப்பாமீது கோபம். அடகுக்கு வட்டி ஏறியது. மூன்று மாதம் அவர் அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போனார். என் தேர்வுக் கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினோம்.

அதன்பின் ஓர் எஞ்சின் கிடைத்தது. பெயிண்ட் உரிந்து, மூடி விரிசல்விட்டு, பார்க்கவே சகிக்காது. ஆனால் ஆறிய நிலையில் இரண்டாம் இழுப்பில் ஓடியது. முள் 98 என்றும் 95 என்றும் காட்டியது. அப்பா மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இன்றும் அதுதான் ஓடுகிறது. கரைக்கு வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் அதைக் கழுவுவது என் வேலை.

நண்பர்களே, அழுத்தத்தின் இலக்கணத்தை நான் ஏட்டில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன். ஆயினும் அன்று பெயிண்டைப் பார்த்து மயங்கியவனும் நானே. படிக்காத அப்பாதான், எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து அதனிடம் உண்மையைக் கேட்டார். அந்தப் பொறுமையைத்தான் நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.