கீரி நீங்கிய காடு

நவம்பர் 14, நாசே

கரும்புக் கொல்லைகளைத் தாண்டியதும் மலை தொடங்கிவிட்டது. ககோஷிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் இடையே கடலில் கிடக்கும் அமாமி ஓஷிமா தீவு, 712 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி காடுதான். இங்கும் பக்கத்துத் தோக்குனோஷிமா தீவிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு முயலைப் பார்க்க வந்திருக்கிறேன்.

கறுப்பு முயல். காது குட்டை, கால் குட்டை, நகம் மட்டும் நீளம். எடை இரண்டு, இரண்டரை கிலோ. ஆசியப் பெருநிலத்தில் இதன் உறவினங்கள் எப்போதோ அழிந்துபோயின. ஊன் தின்னும் பாலூட்டி எதுவும் வந்து சேராத தீவு என்பதால் இது மட்டும் பிழைத்தது. ஜப்பான் அரசு 1921-லேயே இதை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது; 1963-ல் சிறப்பு நினைவுச்சின்னமாக உயர்த்தியது.

இது குட்டி வளர்க்கும் விதத்தைப் படித்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பித்து. தாய், தான் தங்கும் வளையை விட்டுத் தனியே இன்னொன்று தோண்டி அதில் குட்டி போடும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பால் கொடுத்ததும் வாயிலை மண்ணால் அடைத்து, முன்காலால் தட்டி இறுக்கி, இருந்த இடம் தெரியாமல் மூடிவிட்டுப் போய்விடும். இரண்டு இரவுக்கு ஒருமுறை திரும்பி வந்து, மண்ணைத் தோண்டித் திறந்து, சில நிமிடம் பால் கொடுத்து, மறுபடி அடைக்கும். காட்டில் ஹபு என்ற கொடிய விரியன் இருக்கிறது. அதற்கெதிரான ஏற்பாடு இது என்கிறார்கள். பாம்போடு வாழ இந்த முயல் பழகியிருந்தது. பகலில் ஓடித் துரத்துகிற விலங்கோடு பழகியிருக்கவில்லை.

நவம்பர் 15, யமாதோ

சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் காட்டுயிர்ப் பாதுகாப்பு மையத்துக்குப் போனேன். முயலைப் பற்றிக் கேட்டால் யாரும் கீரியைச் சொல்லாமல் முடிப்பதில்லை. பிள்ளையைக் காத்த கீரியை அவசரத்தில் கொன்றுவிட்டு அழுத தாயின் கதை கேட்டு வளர்ந்தவள் நான். இந்தத் தீவில் பிடித்துக் கொல்லப்பட்ட கீரிகள் சுமார் 32,000. அந்த எண்ணைக் கேட்டபின் வெகுநேரம் பேச்சு வரவில்லை.

அந்தக் கீரிகளின் பூர்வீகம் கங்கைக் கழிமுகம். 1910-ல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஷோசாபுரோ வாதாசே அங்கிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து ஒகினாவாவில் விடச் செய்தார். ஹபுவைக் கொல்லும், கரும்பை நாசம் செய்யும் எலியையும் ஒழிக்கும் என்று நம்பினார்கள். ஒகினாவாவில் பெருகியதிலிருந்து சுமார் 30 கீரிகளை 1979-ல் இங்கே நாசே பக்கம் கொண்டுவந்து விட்டார்கள்.

கீரி பகலில் இரை தேடும். ஹபு இரவில் நடமாடும். பாம்பும் கீரியும் சந்திப்பதே அரிது. பகலெல்லாம் வளைக்குள் கிடக்கும் முயலும், முள்முடி எலியும், தவளையும், தரையில் திரியும் பறவையும் எளிதாகக் கிடைக்கும்போது நச்சுப்பல்லோடு மல்லுக்கு நிற்க எந்த விலங்குக்குத் தேவை? நாசேயைச் சுற்றி முதலில் முயல் மறைந்தது. பிறகு அந்த வெறுமை தெற்கே பரவியது. 2000-ம் ஆண்டுவாக்கில் கீரிகள் 10,000 வரை இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்று என்னை அதிகம் உறுத்தியது வாதாசேயின் பெயர்தான். அமாமிக்கு வடக்கே தோக்காரா தீவுகளின் நடுவே ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்கு அந்தப் பக்கத்து விலங்குகள் வேறு, இந்தப் பக்கத்து விலங்குகள் வேறு. உயிர்ப்பரவல் நூல்களில் அதற்கு வாதாசே கோடு என்று பெயர். தீவு உயிர்களின் தனித்தன்மையை அத்தனை நன்றாக அறிந்தவர், அந்தத் தீவுகளுக்குள் ஒரு வேட்டை விலங்கை அனுப்பினார். அறியாமையால் மட்டும் தீங்கு வருவதில்லை.

நவம்பர் 16, கின்சாகுபாரு

பனை உயரத்துக்கு மரப்பெரணி. அமாமிக்கே உரிய நீலக் காட்டுப்பறவை, ரூரி ககேசு, ஒருமுறை சிறகு காட்டிவிட்டுப் போனது. வழிகாட்டி இந்தத் தீவிலேயே பிறந்தவர். நாங்கள் நின்ற பாதையோரச் சரிவுகளில் பொறி வைத்தவர்களைப் பற்றிச் சொன்னார்.

முதலில், ஒரு கீரிக்கு இவ்வளவு என்று பணம் அறிவித்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கீரி மலிந்திருந்தவரை அது நடந்தது. எண்ணிக்கை குறைந்ததும் அலைகிற அலைச்சலுக்கு அந்தப் பணம் கட்டுப்படியாகவில்லை. கடைசிக் கீரியைப் பிடிக்கக் கூலிக்கணக்கு உதவாது. 2005-ல் அயல் உயிரினச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோடு, சம்பளத்துக்கு முழுநேரக் குழு ஒன்றை அமைத்தார்கள். அந்தக் குழுவின் பெயர் ‘மங்கூஸ் பஸ்டர்ஸ்’.

காடெங்கும் 30,000 அளவில் பொறிகள். ஹபு நிறைந்த சரிவுகளில் நடந்தே போய் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பொறியில் கீரி மட்டுமா விழும்? காக்க நினைத்த முள்முடி எலியும் நீள்முடி எலியும் விழுந்தன. அதற்காகப் பொறியைத் திருத்தினார்கள். சில இடங்களில் எடுத்தே விட்டார்கள். உயிருள்ள கீரியை மோப்பம் பிடிக்க ஒரு வகை நாய், எச்சத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வகை நாய். தானியங்கிக் கேமராக்கள் வேறு.

2018 ஏப்ரலில் ஒரு கீரி சிக்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இருந்தும் ஆறு ஆண்டு அவர்கள் நிறுத்தவில்லை. அதே சரிவு, அதே மழை, வெறும் பொறி. தகவல்களை எல்லாம் கணக்கிட்டு, ஒழிந்திருக்கும் வாய்ப்பு 99 விழுக்காட்டை ஒட்டி வந்தபின், 2024 செப்டம்பர் 3 அன்றுதான் அரசு அறிவித்தது. நெடுங்காலம் வேரூன்றிய கீரியை இவ்வளவு பெரிய தீவிலிருந்து முற்றாக நீக்கியது உலகில் இதுவே முதல் முறை. 32,000 பிடித்ததைவிட, ஒன்றும் கிடைக்காத அந்த ஆறு ஆண்டு உழைப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நவம்பர் 17

நாள் முழுக்க மழை. காட்டுக்குப் போகவில்லை.

1995 வழக்கைப் பற்றிப் படித்தேன். கோல்ஃப் மைதானங்களுக்குக் காட்டை அழிக்கக் கொடுத்த அனுமதியை எதிர்த்து, தீவு மக்கள் கறுப்பு முயலையும் ரூரி ககேசையும் வாதிகளாகச் சேர்த்து வழக்குப் போட்டார்கள். 2001-ல் ககோஷிமா நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்த மைதானங்கள் கட்டப்படவே இல்லை.

நவம்பர் 18, சாந்தாரோ கணவாய், இரவு

முன்பதிவு செய்த வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. நடக்கிற வேகத்தில் ஊர்ந்தோம். வளைவில் ஒரு முயல். சாலையோரப் புல்லைக் கொறித்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பொருட்படுத்தாமல் இருந்தது. முயல் என்றால் ஓடும் என்றுதான் நினைப்போம்; இது ஓடவில்லை. இந்தச் சாந்தம்தான் கீரிக்கு இரையானது என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. பின்னர் இன்னொன்று, அப்புறம் மேலும் சில.

நவம்பர் 20, விமான நிலையம்

2003-ல் சில ஆயிரம் என்று மதிப்பிட்ட முயல்கள் இப்போது 10,000-ஐத் தாண்டிவிட்டன. தாங்கான் ஆரஞ்சுத் தோப்புகளில் மரப்பட்டையைக் கொறிக்கின்றன என்று உழவர்கள் முறையிடுகிறார்கள். அவர்கள் நஷ்டத்துக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும். காத்த செலவில் அதுவும் சேர்த்தி. வீட்டிலிருந்து வெளியேறிக் காட்டில் திரியும் பூனைகள் இன்னும் முயலைக் கொல்கின்றன. முயல் பெருகப் பெருக, கார் மோதிச் சாவதும் கூடிக்கொண்டே போகிறது. 2021-ல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தபின் என்னைப் போல வருகிறவர்களும் அதிகம்.

தெற்கே ஒகினாவாவில் 1910-ல் விட்ட கீரிகளின் வம்சம் இன்னும் வாழ்கிறது. 1981-ல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்த, பறக்க இயலாத யன்பாரு குயினா பறவையைக் காக்கத் தீவின் வடபகுதியில் குறுக்கே வேலி போட்டுப் பொறி வைத்திருக்கிறார்கள். அந்த வேலை முடியவில்லை.

அமாமிக்குப் போகிறவர்கள் இரவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அங்கே முயல் விலகாது. நாம்தான் விலக வேண்டும்.